முப்பது பேர் தூக்கிவிடும் கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு சொந்த முட்டியும் ஒரு வாங்கின முட்டியுமாக, நல்லபடியா இருக்கோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் ஆறு முட்டியும் அலுங்காம சௌக்கியமா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிறேன். போனை வச்சு ஒரு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள காகிதமான்னு கேட்பே. போன்ல நீ வலிக்குதாம்மாங்கறே, நான் வலியே இல்லைங்கறேன், நீ அழறே, உன் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையான்னு கேட்கறார், அதோட முடிஞ்சு போகுது. அதான் அளவு வெட்டற பழுப்புத் தாளைக் கிழிச்சு எழுத உட்கார்ந்துட்டேன். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை முடிச்ச கை, தப்பு இருந்தா மாப்பிள்ளைகிட்ட காட்டிச் சிரிக்காதே. வேலையை விடறதா கடிதம் எழுதி வச்சிருக்கேன், முதல் தேதி கொடுத்துட்டு உன்னைப் பார்த்துக்க வந்துடறேன்னு சொன்னியே, அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஊசியில நூல் கோக்க வரலை. இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தக் கடிதத்தைத் தொடாதே. படிச்சு முடிச்சதும் கிழிச்சுப் போடு.

மாடிக்காரி உனக்குப் போன் பண்ணி, உங்க அம்மா படியில உட்கார்ந்து அழறாங்க, எழுந்திருக்க முடியலைன்னு சொன்னது பொய்யில்லை. ஆனா அவ சொல்லாத பாதியை நான் சொல்றேன். அதுக்கு முந்தின நாள் காலையில எழுந்தா முட்டி என் முட்டி மாதிரியே இருந்துச்சு. ஆபரேஷன் ஆன ஏழு மாசத்துல அப்படி ஒரு நாள் வந்ததில்லை. உடனே உன் அம்மாவுக்குத் தலைகால் புரியலை. கைத்தடியைக் கதவோரமா சாத்தி வச்சுட்டு நூல் கடைக்குப் போய் நடந்தே திரும்பி வந்தேன், நடுவுல எங்கேயும் உட்காரலை. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது கால்சட்டை நீளம் குறைக்க வந்திருந்துச்சு, வெட்டற மேஜைகிட்ட நின்னவ நின்னவதான், சாயங்காலம் வரைக்கும் நகரலை. ஐஸ் வைக்கலை, காலைத் தலையணை மேல தூக்கிப் போடலை, ஒரே மூச்சுல நாற்பதையும் முடிச்சுடலாம்னு பேராசை. மறுநாள் காலையில முட்டி பன்னு மாதிரி உப்பிக் கிடந்துச்சு. அப்பவும் விட்டேனா, கீழே நம்ம தையல் கடைக்கு இறங்கறேன்னு கிளம்பி, பதினெட்டுப் படியில ஒன்பதாவது படியில உட்கார்ந்துட்டேன். மேலேயும் போக முடியலை, கீழேயும் போக முடியலை. அழுதது பாதி வலியில, பாதி என் புத்தியை நினைச்சு. உன் அப்பா வேற வெளியில போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாடிக்காரி குப்பை வாளியோட இறங்கறா. அவளோட நான் பேசி பதினோரு வருஷம், மூணு மாசம் ஆகுது, உனக்குத் தெரியும். மொட்டை மாடிக் கொடியில நான் காயப் போட்ட பன்னிரண்டு உருப்படியை ஈரத்தோட சுருட்டி வாளியில திணிச்சுட்டு, அவளோட ஒரே ஒரு போர்வையைக் குறுக்கால விரிச்சவ. போர்வை பச்சை, ஓரத்துல மஞ்சக் கோடு. அவ வழி கேட்டு நின்னா, நான் திரும்பிப் பார்க்கலை. அக்கா, நீங்க நகர்ந்தா நான் போவேன், நகர முடியலைன்னா நானும் உட்காருவேன், எனக்கும் வேலை கிடக்குதுன்னு சொல்லிட்டு வாளியை வச்சு எனக்கு மேல் படியில உட்கார்ந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து போய் ஃப்ரிட்ஜுல உறைஞ்சு கிடந்த பட்டாணிப் பொட்டலத்தை ஒரு துண்டுல சுத்திக் கொண்டுவந்து முட்டி மேல வச்சா. பதினைஞ்சு நிமிஷம் கடிகாரம் பார்த்து எடுத்தா. அப்புறம் என்னைக் கைத்தாங்கலா மேலே கொண்டுவந்து படுக்க வச்சா. நல்ல மனுஷிதான்னு அன்னிக்கு மத்தியானமே அவளை மன்னிச்சேன். சாயங்காலம் பார்த்தா, கடைச் சுவத்துல அவசரத்துக்குன்னு எழுதி வச்சிருக்கிற உன் நம்பருக்குப் போன் போட்டு உன்னை அழ வச்சிருக்கா. மறுபடியும் அதே இடத்துல சேர்த்துட்டேன்.

எந்த இடம்னு கேட்பே. அதையும் சொல்லிடறேன், இது உன் அப்பாவுக்கே முழுசாத் தெரியாது. எனக்குப் பயிற்சி சொல்லித்தர்ற பிசியோதெரபிக்காரரை நான் முட்டி வாத்தியார்னுதான் கூப்பிடறது. பேச்சு பஞ்சு மாதிரி இருக்கும், கை இடுக்கி மாதிரி இருக்கும். மல்லாந்து படுத்துக் காலை நீட்டினாப்ல தூக்கணும், அஞ்சு நொடி நிறுத்தணும், மெதுவா இறக்கணும், பத்துப் பத்தா மூணு தடவைன்னார். எனக்கு வலியில எண்ணிக்கை நிக்கலை, பன்னிரண்டுக்கு அப்புறம் இருபதுன்னு தாவுது. அப்போதான் யோசிச்சேன், எனக்கு எது மறந்தாலும் எனக்கு யார் என்ன பண்ணினாங்கங்கறது மறக்காது. வருஷ வரிசையில முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தேன். தேடவே வேண்டியதில்லை, ஏழெட்டுப் பேர் மிச்சமே இருக்காங்க. ஒவ்வொருத்தரும் செஞ்சதை மனசுக்குள்ள ஒரு வரி சொல்லி முடிச்சா கணக்கா அஞ்சு நொடி ஆகுது. முதல் ஆள் உன் அப்பா, கல்யாணம் ஆன மூணாம் நாள் நான் ஆசையாத் தைச்சுக் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்து, கடையில வாங்கினாப்ல இல்லையேன்னு சொன்னவர். ஒன்பதாவது ஆள் மாடிக்காரி. வாத்தியார் ஒருநாள் கவனிச்சுட்டு, அதென்னம்மா ஒன்பதுல மட்டும் எட்டு நொடி நிறுத்தறீங்கன்னு கேட்டார். போர்வைக்கு ஓரக் கோடு இருக்கே, அதையும் சொல்லணுமில்லன்னு நான் சொல்ல முடியுமா. உங்களுக்கு வேண்டிய அளவு வருதில்லன்னு வாயை அடைச்சுட்டேன்.

சரி, இப்போ நிஜத்தைச் சொல்றேன். வலி இருக்கு. காலையில எழுந்தா முதல் பத்து அடி புதுச் செருப்பு மாதிரி கடிக்கும், அப்புறம் விட்டுடும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்ச நூல் மாதிரி விண்ணுன்னு இருக்கும், கீழே இறங்கறப்போ தெரியும். தையல் போட்ட இடத்துக்கு வெளிப்பக்கம் தொட்டா என் கால் இல்லாத மாதிரி மரத்துப் போயிருக்கு. உன்கிட்ட இத்தனை நாள் வலியே இல்லைன்னு சொன்னதுதான் என் தப்பு, அதனாலதான் மாடிக்காரி ஒரு வார்த்தை சொன்னதும் நீ மொத்தமா பயந்துட்டே. மறுநாளே டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன், படம் எடுத்துப் பார்த்து, வச்ச முட்டி வச்ச இடத்துல அழகா இருக்கு, சுத்தி இருக்கிற சதையும் நரம்பும்தான் சொன்னபடி கேட்க ஒரு வருஷம் எடுக்கும், சிலருக்கு அதுக்கு மேலேயும் ஆகும், கொஞ்சம் வலி கடைசி வரைக்கும் கூடவே இருந்தாலும் இருக்கும்னார். முட்டி வாத்தியார் சொன்னது வேற, அதுதான் எனக்குப் பிடிச்சது. வலிக்குதுன்னு படுத்தாலும் தப்பு, வலிக்கலைன்னு ஆடினாலும் தப்பு, தினமும் ஒரே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா நடங்கன்னார். இப்போ காலையில ரெண்டு தெரு, மத்தியானம் ஒரு தெரு, சாயங்காலம் ஒரு தெரு. முக்கால் மணிக்கு ஒரு தடவை மெஷினை விட்டு எழுந்து கடைக்குள்ளேயே நாலு சுத்து. படி ஏறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது நோவுக் கால் முன்னால, கைப்பிடியை விடறதில்லை. காலை நடைக்கு மாடிக்காரியும் வர்றா. நாங்க பேசிக்கிறதில்லை. அவ பேசறா, நான் கேட்டுக்கிறேன்.

என் வாயை நீ நம்ப வேண்டாம், என் டேப்பை நம்பு. தினமும் காலையில எழுந்ததும் ரெண்டு முட்டியையும் சுத்தி அளந்து இந்தப் பழுப்புத் தாள்ல எழுதி வைக்கிறேன். சொந்த முட்டி பதினைஞ்சு இஞ்சு. புது முட்டி நல்ல நாள்ல பதினைஞ்சரையிலேர்ந்து பதினைஞ்சே முக்கால் வரைக்கும், அந்தப் படியில உட்கார்ந்த நாள் பதினேழரை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உனக்கு இந்த அளவைச் சொல்லிடறேன், உன் அப்பா சாட்சி. வீக்கம் ஒரு நாள் ஓய்விலேயும் இறங்கலைன்னாலோ, முட்டி சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ அன்னிக்கே டாக்டர்கிட்ட போறதுன்னு பேச்சு. நான் மறைச்சா உனக்குக் காட்டிக் கொடுக்க மாடிக்காரிக்கு நானே அனுமதி கொடுத்துட்டேன். எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியும்.

அப்புறம் கடையை மூடிடுன்னு சொன்னியே. முட்டி போட்டுக் குனியாம கால்சட்டை மடிப்புக்கு எப்படிம்மா குண்டூசி குத்துவேன்னு கேட்டே, நியாயமான கேள்வி. முப்பத்தொரு வருஷம் ஊர்க்காரங்க பாதத்துக்குப் பக்கத்துல மண்டியிட்டுத்தான் இந்த வேலை. இப்போ வாத்தியார் மண்டி போட வேண்டாம்னுட்டார், போட்டாலும் கண்ணுல நட்சத்திரம் பறக்குது. ஒரு வாரம் யோசிச்சேன். நான் இறங்க முடியலைன்னா அவங்க ஏறட்டுமேன்னு தோணுச்சு. தச்சன்கிட்ட ரெண்டடி உயரத்துக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னேன், ஏற ரெண்டு படி, பிடிச்சுக்க ஒரு கம்பி, மேலே ஒட்டின ரப்பர் விரிப்பு. யார் வந்தாலும் அது மேல நிக்கணும், நான் எதிரே ஸ்டூல்ல நிமிர்ந்து உட்கார்ந்து குண்டூசி குத்தறேன். பேங்க் மேனேஜர் சிலை மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னார், யாராவது மாலை போட்டுடப் போறாங்கன்னு உன் அப்பா சொன்னதுக்கு அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. குழந்தைங்க இறங்கவே மாட்டேங்குது. அந்தத் தச்சன் யாருன்னு தெரியுதா, மூடாத கதவோட அலமாரி செஞ்சு கொடுத்து ஆறு வருஷமா தலைமறைவா இருந்தவன்தான், என் கணக்குல பதினெட்டாவது ஆள். பெட்டி துளி ஆடலை, நல்லாத்தான் செஞ்சிருக்கான். அலமாரிக் கதவு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன், எந்த அலமாரி அக்கான்னான். அதனால பாதிதான் மன்னிச்சேன். பதினெட்டுல காலைப் பாதிதான் தூக்கறேன்னு வாத்தியார் பிடிச்சுட்டார், இப்போ அவனுக்காக மறுபடியும் முழுசா தூக்க வேண்டியிருக்கு.

முப்பதாவது ஆள் யாருன்னு நீ இன்னும் கேட்கலை. நீதான்டி. ஆபரேஷனுக்கு வராதே, லீவை வீணாக்காதே, எனக்கு உன் அப்பா இருக்கார்னு நான் நாலு தடவை சொன்னேன். நீ வரலை. அம்மா சொன்னா அப்படியே கேட்டுக்கறதா? உள்ளே தள்ளிக்கிட்டுப் போனப்போ கதவு மூடற வரைக்கும் வாசலைப் பார்த்தேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ, இருபத்தொன்பது தூக்கி முடிச்சு உடம்பு ஓஞ்சு போயிருக்கிற நேரத்துல உன் நம்பர் வருது, அப்போதான் கால் எல்லாத்தையும்விட உயரமா எழும்புது. அதுல கோபம் கொஞ்சம்தான் இருக்கு. உன்னைக் கண்ணு முன்னால கொண்டுவந்து பார்க்கறேன், துறைமுகத்துல நூத்திப் பத்துப் படி ஏணி ஏறி, அந்தப் பெரிய கிரேனோட கண்ணாடிக் கூண்டுல உட்கார்ந்து, வீடு மாதிரி பெருசா இருக்கிற பெட்டிகளைத் தூக்கிக் கப்பல்ல வைக்கறே. அங்கே அவ்வளவு பெருசைத் தூக்கறவளைப் பெத்தவ, இங்கே என் ஒத்தைக் காலைத் தூக்க மாட்டேனான்னு நினைச்சுக்குவேன். நீ அந்த ஏணியிலேர்ந்து இறங்கி வந்துட்டா நான் எதைப் பார்த்துத் தூக்கறது. ரெண்டு வருஷம் படிச்சு, ஆம்பிளைங்க கேலி பண்ணினதையெல்லாம் முழுங்கிட்டு, இப்போதான் பெரிய கிரேனைத் தனியா உன் கையில கொடுக்கப் போறாங்க. என் முட்டியைக் காரணம் காட்டி அதை விட்டே, உன்னை முப்பதுலேர்ந்து முதல் இடத்துக்கு மாத்திடுவேன், உன் அப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கும்.

வர வேண்டாம்னு சொல்லலை, அந்தத் தப்பை நான் மறுபடி செய்ய மாட்டேன். வா. லீவு போட்டுட்டு வா, பத்து நாள் இரு, என்னோட நாலு தெரு நட, மாடிக்காரியோட பேச்சை நீயும் கொஞ்சம் வாங்கிக்கோ, எனக்குக் காது ஓயட்டும். பாட்டிக்குள்ள இரும்பு இருக்கா, காந்தம் ஒட்டுமான்னு பேத்தி கேட்டாளே, காந்தத்தோட வரச் சொல்லு, ரெண்டு பேரும் ஒட்டிப் பார்க்கறோம்.

நீ நீண்ட ஆயுசோட, கை கால் சுகத்தோட, ஏறின இடத்துல நிலையா இருக்கணும். மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவில்லாம இருக்கணும். ஒண்ணு மறந்துடாதே. கிரேன் கீழே நின்னு எடுத்து அனுப்பினியே ஒரு படம், அதுல உன் வேலை உடுப்போட கால்மடிப்பை ரெண்டு சுருட்டு சுருட்டி டேப் ஒட்டி வச்சிருக்கே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா. தையல்காரி மகள் டேப் ஒட்டிக்கிட்டு நூத்திப் பத்துப் படி ஏறறா, கால் தடுக்கினா என்னாகறது. வரும்போது அத்தனை உடுப்பையும் எடுத்துட்டு வா. நான் குனிய மாட்டேன். நீ பெட்டி மேல ஏறி நில்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ

இன்னிக்குக் காலை அளவு பதினைஞ்சே முக்கால். உன் அப்பா பார்த்துட்டார், கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பார்த்தார்.