மூன்று சத்தங்களுக்கு மேல்

என் ஆசை மச்சாள் மலருக்கு,

நீ போய் ஒன்பது வருடம். கோப்பாயில் மின்சாரம் நின்றே ஐந்து வருடமாகிறது. உன் அண்ணை லண்டனிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் சாக்கில் சுற்றியபடி உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. நான் உடுப்பிட்டியில் கணக்குப் படிப்பிக்கிறேன்.

நாம் எழுதிய படகு விளையாட்டு நினைவிருக்கிறதா? அலை, எஞ்சின், காற்று, பாறையில் மோதும் சத்தம். ஒவ்வொரு முறையும் சத்தத்தை முதலிலிருந்து உருவாக்கும்படி நான் எழுதியிருந்தேன். படகு திக்கித் திக்கி ஓடியது. நீதான் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே ஆயத்தப்படுத்தி, கம்ப்யூட்டரின் நினைவில் வைத்து, வேண்டியபோது எடுக்கச் செய்தாய். ஒரே நேரத்தில் மூன்று சத்தம்தான் அதனால் போட முடியும். நாலாவது வந்தால்?

"அலையை நிப்பாட்டு," என்றாய். "அலை நிண்டால் ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். பாறையிலை அடிக்கிறது கேக்காட்டில் ஆள் செத்தது தெரியாது."

அன்று மத்தியானம் முதன்முதலாக அது சரியாக ஓடியது. சந்தோஷத்தில் நான் கம்ப்யூட்டரைப் பொருத்தியிருந்த டிவியின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

"கொஞ்சம் குறையடி. வெளியிலை என்னவோ கேக்குது."

"பொறு. பாறையிலை ஒருக்கால் அடிக்கட்டும், கேட்டிட்டுக் குறைக்கிறன்."

நீ எழுந்து யன்னலடிக்குப் போனாய். மேலே வந்த இராணுவ ஹெலிகொப்டர் சுட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் உள்ளே விளையாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே உன் மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். "ஹெலி வாற சத்தம் கேக்கேல்லையோ பிள்ளை?"

"இல்லை மாமி. திடீரெண்டு வந்தது."

நம்பிவிட்டார். நான் குறைத்திருந்தால் நாம் கட்டிலுக்குக் கீழாவது படுத்திருப்போமா? தெரியவில்லை, மலர்.

போன கிழமை மாமியைப் பார்க்கப் போனேன். சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, தனக்குத்தானே கதைப்பதுபோலச் சொன்னார்: "நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலை நிண்டிருந்தால், ஹெலி வாறதைக் கேட்டுச் சொல்லியிருப்பன். என்ரை பிழைதான்."

நீ போன நாளிலிருந்து அவர் அந்தக் கோயில் பக்கமே போவதில்லையாம். அதுவரை எனக்கு இது தெரியாது.

வாற வெள்ளிக்கிழமை போகிறேன். உனக்குக் கேட்டது, நீ சொன்னாய், நான்தான் குறைக்கவில்லை என்று மாமியிடம் சொல்லிவிடுவேன். அதன்பிறகு அவர் என்னை வீட்டு வாசலில் ஏற்றாவிட்டாலும் சரி. இது உனக்குத் தரும் வாக்கு.

உன்னைக் காத்திருக்கச் சொன்ன மச்சாள்,
வதனி