எலனர் ரேயும் என் தையல் இயந்திரமும்

1871 அக்டோபர் 3, நெல்சன் துறைமுகம்

பணிப்பெண்ணாக இந்தக் கப்பலில் இரண்டாம் வருடம் தொடங்குகிறது. கிளைடு நதிக்கரையில் கட்டிப் பத்தொன்பது வருடமான இரும்புக் கிழவி இந்த எலனர் ரே. தங்கம் தேடி வந்தவர்களில் பாதிப் பேரை ஹோக்கிடிகாவில் இறக்கியவள் இவள்தான். இன்றும் நாற்பது பேர் ஏறியிருக்கிறார்கள். என் அறையில் தண்ணீர் ஒழுகுகிறது. புதுத் தையல் இயந்திரம் துருப்பிடித்துவிடுமே! யாருக்கும் தெரியாமல் சுக்கான் அறைக்குத் தூக்கிப்போய், திசைகாட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்துவிட்டேன். கெட்டிக்காரி நான்.

அக்டோபர் 5

காலை மூடுபனியில், ஹோக்கிடிகா ஆற்றுமுகத்து மணல்மேட்டில் ஏறிவிட்டோம். மெத்தையில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. தண்ணீர் வற்றியதும் பயணிகள் இறங்கி நடந்தே ஊருக்குப் போனார்கள், ஒருவர் குடை பிடித்துக்கொண்டு! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பிறகுதான் கேப்டன் கிரிம்ஷாவின் கத்தல் கேட்டது. "கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குனியாடா?"

துணை அதிகாரி டங்கன் வெளுத்துப்போய் நின்றான். "திசைகாட்டி காட்டுன வழியில இருந்து இம்மிகூட விலகல, சார்."

யாரும் நம்பவில்லை. விசாரணையாம். சான்றிதழைப் பறித்துவிட்டால் அவன் இனி எந்தக் கப்பலிலும் அதிகாரியாக நிற்க முடியாது.

அக்டோபர் 6

தண்ணீர் ஏறியதும் கப்பல் மிதந்துவிட்டது. இயந்திரத்தை எடுக்கப் போனேன். தூக்கினேன் — மேலே திசைகாட்டி ஊசி நகர்ந்தது. திரும்ப வைத்தேன் — திரும்ப நகர்ந்தது.

ஐயோ கடவுளே. இயந்திரத்தின் இரும்புதான் ஊசியை இழுத்திருக்கிறது! நானா?

அக்டோபர் 7

டங்கனிடம் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"வாயத் தொறக்காத, ஹானா. உன் வேல போயிடும்."

"உன் சான்றிதழ் போனா?"

"எங்கயாச்சும் மரம் வெட்டிப் பொழச்சுக்குவேன்."

பைத்தியக்காரன்! எனக்காக எதற்கு இதெல்லாம்? எதற்கென்று எனக்குத் தெரியாதா என்ன.

அக்டோபர் 11

சொல்லிவிட்டேன். நீதிமன்றத்துக்கே இயந்திரத்தைச் சுமந்துபோய், சாட்சியாக அங்கே வைத்திருந்த கப்பல் திசைகாட்டிக்குக் கீழே வைத்துக் காட்டினேன். ஊசி சட்டென்று சாய்ந்தது. மொத்த மன்றமும் சிரித்தது.

நீதிபதி கேட்டார்: "இன்னும் வேற எதையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களாம்மா?"

சான்றிதழ் டங்கன் கையில். என் வேலை போயிற்று. போகட்டும்! அறைவரை பறந்துதான் வந்தேன்.

அக்டோபர் 12

டங்கனோடு பொடிமீன் அடை, ஆளுக்கு மூன்று தட்டு.

1872 பிப்ரவரி 21

கல்யாணம் எலனர் ரேயின் மேல்தளத்திலேயே நடந்தது. "என் ஆளுக்குக் கரையில கல்யாணமா? விடமாட்டேன்" என்று கேப்டன்தான் பிடிவாதம் பிடித்தார். முடிந்ததும் டங்கன் என் கையைப் பிடித்துச் சுக்கான் அறைக்கு அழைத்துப் போனான். கேப்டன் வாசலை மறித்துக்கொண்டார்.

"நில்லும்மா. அந்த மோதிரம் தங்கந்தானே?"