அப்பா போட்ட கணக்கும் நான் போட்ட கணக்கும்

கடலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். இதைப் போனில் சொன்னால் பாதியில் அப்பா பிடுங்கிப் பேசுவார், அதனால்தான் கடிதம்.

நீ ஆராய்ச்சிக்காகச் செய்த கம்ப்யூட்டர் வாத்தியாரில் எனக்கு எல்லாக் கணக்கும் சரி என்று பச்சையாக வருகிறது என்று குதித்தாய் அல்லவா, நானும் நம்பிவிட்டேன். பத்தாவது தேறினால்தானே அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் என்னைப் பணியாளராக்குவார்கள். ஆனால் சிதம்பரத்தில் தனித்தேர்வர்களுக்கு வைத்த மாதிரித் தேர்வில் பதினொரு மதிப்பெண்தான் வந்தது, உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன், பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். காரணம் என்ன தெரியுமா, நான் கொஞ்சம் யோசித்தால் அப்பாவுக்குப் பொறுக்காது, காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று, "இதுக்கு இன்னா இவ்ளோ யோசன, மைனஸ் மூணு போடு" என்பார், நானும் போட்டுவிடுவேன். பாவம் அந்தக் கம்ப்யூட்டர், எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நினைத்து மேலும் மேலும் கஷ்டமான கணக்காகவே கொடுத்திருக்கிறது.

நல்லவேளை, செம்மங்குப்பம் கம்பெனியில் அவருக்கு மாலை ஷிப்ட் வந்தது. தனியாக உட்கார்ந்தேன், எதைத் தொட்டாலும் சிவப்பு. அது திட்டவே இல்லையடி, மெதுவாக என்னை ஏழாம் வகுப்புக் கணக்கு வரைக்கும் இறக்கிக் கொண்டுபோய், சமக்குறிக்கு அந்தப் பக்கம் எண்ணைக் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமல் விடுகிறேன் என்று கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பத்தாவதில் நான் கணக்கில் தோற்றதும் இதனால்தான் இருக்கும், யாரும் இறங்கி வந்து பார்க்கவில்லை. நேற்று சிதம்பரத்தில் இரண்டாவது மாதிரித் தேர்வு, அங்கேயே திருத்திக் கொடுத்துவிட்டார்கள், அறுபத்திரண்டு வாங்கியிருக்கிறேன் எழில், சந்தோஷத்தில் கோயில் பக்கம்கூடப் போகாமல் நேரே பஸ் ஏறிவிட்டேன். அப்பாவிடம் சொன்னதும், அப்போ நான் வூட்டுல இல்லாததுதான் நல்லதா என்று கேட்டார். ஆமாம் என்றேன், சிரித்துவிட்டு அவரே காபி போட்டுக் கொடுத்தார்.

உன் ஆராய்ச்சியில் அந்தப் பழைய பச்சையை எல்லாம் என் பேரில் எழுதிவிடாதே, அதெல்லாம் அவர் தேறியது. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெகுநேரம் விழிக்காதே. நீ செய்த வாத்தியார் இன்னும் எத்தனையோ பேரைத் தூக்கிவிடட்டும், நல்லா இரு மகளே. அடுத்த மாதம் தேர்வு. அதுவரை போனில் நான் எந்தக் கணக்கில் திணறினாலும் விடையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிரு, நீயும் அவர் மகள்தானே.

இப்படிக்கு,
உன் அம்மா மங்கலம்