திடீர் பார்ட்னர்

ஜூலை 9, வியாழன்

காலையிலேயே புழுக்கம். ஷார்ஜா முவைலாவில் இரண்டு ஏசி சர்வீஸ். மதியம் அஜ்மான் கடைக்குத் திரும்பினால், அண்ணாச்சி மட்டன் பிரியாணி வாங்கி வைத்திருக்கிறார். ஒன்பது வருஷமாக அவரிடம் வேலை, தீபாவளிக்கே பரோட்டாதான்.

“ஏல முத்து, இனி நீ சம்பளக்காரன் இல்ல. கடைக்குப் பார்ட்னரு. லைசன்ஸ்ல ஒம் பேரையும் சேத்திருதேன். சனிக்கிழம கையெழுத்துப் போட வந்துரு.”

சந்தோஷம் வரவில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடாது. போன வாரம் கம்ப்ரசர் சப்ளை பண்ணும் பாய் பாக்கி கேட்டு வந்தபோது பின்னால் ஒளிந்துகொண்டு, என்னை ‘அர்பாப் மாஃபி’, முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னவர். சொன்னேன். பாய் நம்பிப் போய்விட்டார்.

சாந்தியிடம் போனில் சொன்னதற்கு, “அப்ப நான் மொதலாளியம்மாவா?” என்று சிரிப்பு. எட்டாம் மாசம். பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று.

வாங்க: பேஸ்ட், டெஸ்டர், அவளுக்கு நைட்டி 2.

ஜூலை 10, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன். ரூமில் சேவியர் அண்ணனிடம் கேட்டேன், கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். “லாபத்துல மட்டும் பங்கு இல்லப்பா. கடை கடனும் ஒன் தலையில விழலாம். கடன் குடுத்தவன் கேஸ் போட்டுத் தடை வாங்குனா, ஏர்போர்ட்லயே நிப்பாட்டிருவான்.”

சாயங்காலம் டூல்ஸ் எடுக்கக் கடைக்கு. சுவரில் முருகன் படம் இல்லை, ஆணி மட்டும். கடை மாற்றியபோது அண்ணாச்சி வேறு யாரையும் தொடவிடாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த படம்.

“கண்ணாடி கீறல் விட்டுருச்சுல்லா, மாத்தக் குடுத்திருக்கேன்.”

என் ஏணி இடித்த கீறல். விழுந்து மூன்று வருஷம். இப்போதுதான் கண்ணில் பட்டதா?

ஜூலை 11, சனி

லைசன்ஸ் பேப்பர் அடிக்கும் டைப்பிங் சென்டர் வாசலில் அண்ணாச்சி. “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தினார். பையை வைக்க அவர் கார் டிக்கியைத் திறந்தேன். புதுப் பெட்டி. மேலே துண்டில் சுற்றிய பலகை போல ஒன்று. துண்டை விலக்கினால் முருகன். அதே கீறல்.

பழையபடி சுற்றி டிக்கியை மூடிவிட்டேன்.

“பாஸ்போர்ட் ரூம்ல இருக்கு அண்ணாச்சி. எடுத்துட்டு வந்துருதேன்.”

“ஜெராக்ஸ் காப்பி போதும்ல!”

காதில் விழாத மாதிரி நடந்தேன். திரும்பிப் போகவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. என் விசாவும் அவர் கடை பேரில்தான். பயமாக இருக்கிறது. பாவமாகவும் இருக்கிறது, இந்த ஊருக்கு என்னைக் கொண்டுவந்தவர்.

ஜூலை 12, ஞாயிறு

ஷட்டர் பூட்டு. அண்ணாச்சி போன் ஆஃப். வாசலில் கம்ப்ரசர் பாய். அண்ணாச்சி போன வாரமே அவரிடம் போனில் சொல்லிவிட்டாராம், இனி எல்லாவற்றுக்கும் முத்துதான் பார்ட்னர் என்று.

“பார்ட்னர் மாஃபி, பாய்” என்றேன்.

இந்த முறை அவர் நம்பவில்லை.