ஆற்றுக் கல் மேல் காமாட்சி

1959

பெப்ரவரி 2, திங்கள்

கடும் பனி. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல. வெயில் ஏறிய பிறகுதான் குழாயில் தண்ணீர்.

மீன்பிடி பங்களாவுக்கு நாளை ஆள் வருகிறது. சீமையிலிருந்து ஒரு துரைசாணி, தனியாக. இரண்டு வாரம். ட்ரவுட் மீன் பிடிக்க. இதற்கென்றே கப்பலேறி வருகிறவர்களுக்கு எத்தனையோ வருடமாகச் சமைத்துப் போடுகிறேன், இன்னும் புரியவில்லை. முள்ளில் இறகைக் கட்டி ஈ மாதிரி செய்து மீனை ஏமாற்றுகிறார்கள். பிடித்து, அளந்து பார்த்து, பாதியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பொகவந்தலாவையில் வாங்க: வெண்ணெய், லீக்ஸ், கரட், விளக்குக்கு லாம்பெண்ணெய், முட்டை (போன தடவை இரண்டு கெட்டது), மகள் தங்கத்துக்கு ரிப்பன்.

றொசல்லயிலிருந்து இன்னும் தகவல் இல்லை. தங்கத்துக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு அங்கே தேயிலைப் பேக்டரியில் வேலை. நல்ல பையன் என்கிறார்கள்.

பெப். 3, செவ்வாய்

துரைசாணி வந்தாயிற்று. அறுபது வயதிருக்கும். ஒல்லி. தூண்டில்கள் புருஷனுடையவையாம், போன வருடம் இறந்துபோனாராம். சூப் மட்டும் குடித்தார். கட்லட்டைத் தொடவில்லை.

பெட்டியைப் பிரித்து அடுக்கியது தங்கம். பழைய துரை வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள், இங்கிலீசு என்னைவிட அவளுக்கு நன்றாக வரும்.

விருந்தாளிகளை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் பியதாசவுக்குக் காய்ச்சல். என்னைப் போகச் சொல்லி உத்தரவு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய் வேறு ஆள் கேட்டேன். "வேற யாரு இருக்கா மாரிமுத்து, நீங்கதான் போகணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஒன்பது வருடமாக நான் அந்த ஆற்றில் இறங்கியதில்லை.

பெப். 4, புதன்

இலங்கைச் சுதந்திர தின லீவு. துரைசாணி வெளியே போகவில்லை. எனக்கும் நிம்மதி.

எழுதிப் பார்த்தால் மனம் ஆறுமா என்று எழுதுகிறேன். காமாட்சி. என் பெண்சாதி. ஐம்பதாம் வருடம், சித்திரைப் பிறப்புக்கு முந்தின வாரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழ் டிவிசனில் அவள் அக்கா வீடு. காலையில் போனாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள் என்றார் அக்கா. அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று ஆற்றுக் கல் மேல் நடந்து நம் லயத்து வீட்டுக்கு. மற்றது பஸ் ரோட்டுக்கு. மலை மேல் இடி இடித்தது, ஆறு திடீரென்று பெருகிற்று. அவள் வரவில்லை.

மூங்கில் போட்டுத் தேடினோம். கீழே அருவி வரை போனோம். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கே நம் லயத்துப் பெருமாள் பஸ் ஏறி, கப்பல் பிடிக்க, இந்தியாவுக்கென்று கிளம்பிவிட்டான். ஊர் வாய் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

தங்கத்துக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். சில நாள் அவள் எங்கேயோ உயிரோடு இருந்தால் போதும் என்று தோன்றும். சில நாள் அதற்கு நேர்மாறாக. இரண்டையும் நினைத்து முடிக்கும்போது சோறு அடிபிடித்திருக்கும்.

பெப். 5, வியாழன்

ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் வற்றி, அடியிலுள்ள கூழாங்கல் தெரிகிறது. இதுவா அது என்று இருந்தது.

துரைசாணிக்குத் தூண்டில் வீசத் தெரியவில்லை. முள் புதரிலும் என் தொப்பியிலும் மாட்டிக்கொண்டது. மீன் வராததைப் பற்றிக் கவலையும் இல்லை. பையில் கொஞ்சம் புகைப்படங்கள். புருஷன் முன்னே இங்கே மீன் பிடிக்க வந்தபோது எடுத்தவையாம். ஒவ்வொரு மடுவாகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்குப் போகிறார். மேல் மடுக்களோடு இன்று முடிந்தது. ஆற்றைக் கடக்கிற அந்தக் கல் கடவை கீழே இருக்கிறது. அங்கே போகவில்லை.

சாயங்காலம் தரகர் வந்தார். மாப்பிள்ளையின் தாயார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறாராம். எல்லாம் பிடித்திருக்கிறது, ஒன்றுதான் தெரியவேண்டுமாம்: பெண்ணின் தாய் செத்தவளா, போனவளா.

தங்கம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தரகருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், சீனி போட மறந்து.

பெப். 7, சனி

தை அமாவாசை. லயத்தில் எல்லோரும் செத்தவர்களுக்குப் படைக்கிறார்கள். நான் படைப்பதில்லை. யாருக்கென்று படைப்பது.

காலையில் துரைசாணியோடு கல் கடவைக்கு. நான் பின்னாலேயே நடந்தேன். அவர் கரையில் உட்கார்ந்து கடைசிப் படத்தை எடுத்தார். இந்த இடம்தானா என்று என்னிடம் நீட்டினார்.

இந்த இடம்தான். கற்களின் நடுவே ஒரு பெண். தலையில் சின்னக் கூடை, இடது கையால் பிடித்திருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். முகம் நகக்கண் அளவுதான். ஆனால் ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பை ஒடித்து நிற்கிற அந்த நிலை. முகம் நம் கரையைப் பார்த்து.

துரைசாணி படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்னால் தேதி. அந்த நாள்.

அப்புறம் மெதுவாக, எனக்குப் புரிகிற இங்கிலீசில் சொன்னார். படம் எடுத்துவிட்டுப் புருஷன் தூண்டிலைப் போட்டாராம். பெரிய மீன் மாட்டிக்கொண்டதாம். நிமிர்ந்தபோது கல் மேல் நின்ற பெண் கையைத் தூக்கினாளாம். தனக்கு வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்குத் தொப்பியைத் தூக்கினாராம். துரைசாணி தன் தொப்பியையே எடுத்து, எப்படி என்று காட்டினார். பிறகு வலையை எடுக்கக் குனிந்தாராம். இரைச்சல் கேட்டுத் திரும்பினால் தண்ணீர் செம்மண் நிறம். கல்லும் இல்லை, அவளும் இல்லை. கடந்து போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

மறுநாள் ஓட்டலில் ஒரு கூலிப் பெண்ணைக் காணோம் என்று பேசிக்கொண்டார்களாம். கப்பலுக்கு நேரமாகிவிட்டது. வாய் திறக்கவில்லை. முன்னெல்லாம் வருடா வருடம் நோர்வே, காஷ்மீர், நியூசிலாந்து என்று மீன் பிடிக்கப் போனவர் அதன் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. சாகும்போதுதான் பெண்சாதியிடம் சொன்னார். கல் மேல் நின்றவள் யார் என்று தெரிந்துகொண்டு வரச் சொன்னார்.

"அது என் பெண்சாதி" என்றேன்.

துரைசாணிக்குத் தட்டை எடுத்து சாண்ட்விச்சை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. அந்த நேரம் அதுதான் கைக்குத் தெரிந்த வேலை.

வீட்டுக்கு வந்து தங்கத்திடம் படத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "அம்மா வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காங்க" என்றாள். பிறகுதான் அழுதாள்.

காமாட்சி வராமல் போன அன்று முதல் எங்கள் கதவுக்குத் தாழ் போட்டதில்லை, வந்தால் தட்ட வேண்டாமே என்று. இனித் தாழ் போடலாம். போட முடியவில்லை.

பெப். 8, ஞாயிறு

மாப்பிள்ளையின் தாயார் வந்தார். வடை, பாயசம். துரைசாணி தானே லயத்துக்கு நடந்து வந்தார். சாக்கடை ஓரத்தில் வழுக்கிற்று, தங்கம் பிடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொல்லவேண்டும் என்றார். தமிழில் எடுத்துச் சொல்வது நான். அந்தத் துரை பார்த்ததை, பேசாமல் போனதை, என் வாயாலேயே. துரைசாணி ஒளிக்கவில்லை, நானும் ஒளிக்கவில்லை. ஒரே ஒரு இடம் தவிர. கையைத் தூக்கியதை விட்டுவிட்டேன். கல் மேல் நின்றாள், தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். தங்கம் பக்கத்தில் இருந்தாள்.

அந்த அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓடிப்போறவ தலையில கூடைய வச்சுக்கிட்டா போவா? நான் கேட்டு அனுப்புனது தப்புத்தான் அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

பங்குனியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. துரைசாணி என் கையைப் பிடிக்க வந்தார். கொடுக்கவில்லை. அவர்மேல் கோபமில்லை. தொப்பியைத் தூக்கிய அந்த மனிதன்மேல் என்னவென்று எனக்கே தெரியவில்லை. மீன் பிடித்தாரா, விட்டாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பெப். 9, திங்கள்

துரைசாணி புறப்பட்டார். இருக்கவேண்டிய நாள் இன்னும் இருந்தது. தூண்டில்களை எடுத்துப்போகவில்லை. படத்தைத் தங்கத்தின் கையில் வைத்தார்.

சூப்புச் சட்டியைத் திறந்தால் ஆவிக்குள்ளே ஒரு கை. உப்புப் போட்டேனா, தெரியவில்லை.

பெப். 12, வியாழன்

தை முடிவதற்குள் செய்துவிடலாம் என்றார் பூசாரி. வாங்கியது: பால், எள், பச்சரிசி, கற்பூரம், ஒரு சீட்டிச் சேலை (அரக்கு, அவளுக்குப் பிடிக்கும்).

கல் கடவையில் நான், தங்கம், பூசாரி, காமாட்சியின் அக்கா. எள்ளும் தண்ணீரும் விட்டேன். முதல் தடவை. மந்திரம் முடிந்து மற்ற இருவரும் மேலே ஏறினார்கள். தங்கம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"கை தூக்கினத மட்டும் ஏன்ப்பா சொல்லாம விட்டீங்க?"

அவளுக்கு இங்கிலீசு வரும் என்பதை நான் நினைக்கவே இல்லை.

"துரைசாணி சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. நீங்க விட்டதும் புரிஞ்சிச்சு. இனிமே நீங்க தனியா வச்சுக்க வேணாம்ப்பா."

பால் செம்பை எடுத்துக்கொண்டு கற்களின் மேல் நடக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்றேன். வெள்ளம் இல்லையே அப்பா என்றாள். நடுக் கல்லில் நின்று பாலை ஊற்றினாள். சேலையைப் பிரித்து விட்டாள், அது போயிற்று. கற்பூரத்தைக் கல்லில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கினாள்.

தீப்பெட்டி கேட்கத்தான். நான் அதற்குள் ஆற்றுக்குள் இருந்தேன், வேட்டியோடு, தொடையளவு தண்ணீரில், அவள் காலைப் பிடித்துக்கொண்டு. தீப்பெட்டி நனைந்துவிட்டது.