நல்ல கண்ணுக்குத்தான் பட்டை

ஆடி 14, செவ்வாய்

விளக்கேற்றிக் கும்பிட்டும் கோபம் அடங்கவில்லை. மகள் நித்யாவுக்கு இடது கண்ணில் பார்வை கம்மி. அது வேலை செய்யட்டும் என்றுதான் நல்ல வலது கண்ணை மூடச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரரே தாம் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியிலிருந்து மெத்தென்ற தோல் கொண்டுவந்து பட்டை தைத்தார். நான் கட்டி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இவர் அதை இடது கண்ணுக்கு மாற்றிவிடுகிறார். இன்றைக்கு நித்யாவே என்னிடம் சொல்லிவிட்டாள். இவரிடம் கேட்டேன்.

“அடிபட்ட கால்லதானே கட்டு போடுவாங்க? நல்ல கண்ண மூடினா புள்ள தடுமாறுது. இன்னா பண்ணச் சொல்ற?”

“தடுமாறட்டும்ங்க. வயசு ஏறிட்டா அந்தக் கண்ணு பழகவே பழகாது.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாசமாம்.

நாளைக் காலையில் முருகன் படத்துக்கு முன்னால் அவர் கையாலேயே வலது கண்ணுக்குக் கட்டச் சொல்வேன். அப்புறம் கழற்றட்டும், பார்க்கிறேன்.