நகத்தால் கீறிப் பார்த்த மரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. தபால்காரர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம்; ஆனால் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. உன்னோடு வேலை பார்க்கும் மருந்தாளுநரை மணந்துகொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். தாய் தகப்பன் இல்லாத எனக்கு நீங்கள்தான் பெரியவர்கள், நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரி எனக்கு வசதியாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கல்யாணத்தன்று என் பிள்ளை வாசலில் நட்டானே, அந்த ஊசியிலைக் குட்டை மரம். வருடத்துக்கு ஒரு விரல் அகலம்தான் வளரும், அவசரப்படாதீங்கப்பா என்பான். அவன் கண்ணை மூடிய பிறகு இந்த இரண்டு வருடமும் காலையும் மாலையும் நான்தான் தண்ணீர் விட்டேன். மழை நாளில்கூடக் குடை பிடித்துக்கொண்டு ஊற்றுவேன். அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். மரம் பச்சையாகவே நின்றது. அது பச்சையாக இருக்கும் வரை என் பிள்ளையின் குடும்பமும் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் செடிகளுக்கு உரம் போட வந்த நர்சரிக்காரர் அதன் தண்டை நகத்தால் கீறினார். உள்ளே வெறும் பழுப்பு. "இது செத்து ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் சார். இந்த மாதிரி மரம் சட்டுனு வெளிய காட்டிக்காது. தண்ணி ஜாஸ்தியாகி வேர் அழுகிடுச்சு" என்றார். நானே ஊற்றி ஊற்றிக் கொன்றிருக்கிறேன். குழாயடியில் உட்கார்ந்து அழுதேன் அம்மா. அவன் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அன்று மாலைதான் உனக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் மாமா" என்றாய். இரண்டு வருடமாக அதே குரலில் அதையேதான் சொல்கிறாய். எனக்குப் பயமாகிவிட்டது.

கல்யாணம் செய்துகொள். நாளைக் கடத்தாதே. பத்திரிகையில் பெண் வீட்டார் என்ற இடத்தில் எங்கள் பெயரைப் போடு. இதை எழுதச் சொல்லி அத்தை என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். மரத்தைப் பிடுங்கியாயிற்று. குழியை மூடவில்லை. நீயும் அவரும் வந்து உங்களுக்குப் பிடித்த எதையாவது நடுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் என்னிடம் விடாதே.

இரண்டு பேரும் தலை நரைக்கும் வரை சேர்ந்து இருங்கள்.

உன் மாமா